எரிபொருள் விலைக் குறைப்பும் தேர்தல் காலமும்

தேர்தல் வந்தால் பெட்ரோல் விலை குறையும், தேர்தல் முடிந்தால் ஏறும் என்பது இந்தியாவில் நெடுங்காலமாக நிலவும் பேச்சு. பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு மூன்றுக்கும் இது பொருந்தும் என்று பலர் நம்புகின்றனர். விலை உலகச் சந்தையைப் பொறுத்தது, தேர்தலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஆட்சியில் இருப்பவர்கள் கூறி வந்துள்ளனர். 2009 முதல் 2025 ஏப்ரல் வரையிலான முக்கிய விலை மாற்றங்களைத் தேர்தல் நாட்களோடு ஒப்பிட்டு, இரண்டு கூற்றுகளிலும் எந்த அளவு உண்மை உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விலை குறைந்த நாட்களை மட்டும் பார்த்தால் விடை தெளிவாகக் கிடைப்பதில்லை. விலை அசையாமல் நின்ற நாட்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தொடர்பு புலப்படுகிறது.

விலை எப்படி அமைகிறது

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். கச்சா எண்ணெயின் டாலர் விலை, டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பு, சுத்திகரிப்புச் செலவு ஆகியவை சேர்ந்து அடிப்படை விலை அமைகிறது. பெட்ரோல் மணலி ஆலையில் சுத்திகரிக்கப்பட்டாலும் அதன் விலை உலகச் சந்தையில் பெட்ரோல் விற்கும் விலையை ஒட்டியே கணக்கிடப்படுகிறது.

அடிப்படை விலையின் மேல் மூன்று சுமைகள் ஏறுகின்றன. முதலாவது ஒன்றிய அரசின் கலால் வரி. இது விழுக்காட்டில் இல்லாமல், லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக விதிக்கப்படுகிறது. இரண்டாவது மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் பெட்ரோலுக்கு 13 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 11.52 ரூபாயும், டீசலுக்கு 11 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 9.62 ரூபாயும் வசூலிக்கப்படுகின்றன. மூன்றாவது பங்க் உரிமையாளருக்கான கமிஷன். 2024 மார்ச்சு நிலவரப்படி சென்னையில் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் அதில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் இரு அரசுகளின் வரியாகச் சென்றது.

எனவே பங்க்கில் விலை குறைவதற்கு மூன்று வழிகளே உள்ளன. உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்க வேண்டும், அல்லது அரசு வரியைக் குறைக்க வேண்டும், அல்லது எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் லாபத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். முதலாவது எந்த இந்திய அரசின் கையிலும் இல்லை. இரண்டாவது முழுக்க அரசின் கையில் உள்ளது. மூன்றாவது சட்டப்படி நிறுவனங்களின் முடிவு. ஆனால் நாட்டின் பங்க்குகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை வைத்திருக்கும் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்றும் ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பொதுத்துறை நிறுவனங்கள். அரசியல் நுழைவதற்கு இடம் இருப்பது இரண்டாவது, மூன்றாவது வழிகளில்தான்.

சிறுசேரியில் ஒரு கணக்கு

லிட்டருக்கு இரண்டு ரூபாய், பத்து ரூபாய் என்று செய்தியில் வரும் மாற்றங்கள் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்பதைத் தென்சென்னைப் புறநகரை வைத்துப் பார்க்கலாம். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் பல்லாயிரம் பேர் வேலைக்கு வருகின்றனர். இச்சாலையை ஒட்டிப் புறநகர் ரயில் பாதை கிடையாது. சிப்காட் வரை திட்டமிடப்பட்ட மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி இன்னும் முடியவில்லை. நிறுவனப் பேருந்து இல்லாதவர்களுக்கு மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, சொந்த வண்டி ஆகியவையே வழி. கேண்டீன் ஊழியர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், உணவு கொண்டு வருபவர் என்று குறைந்த சம்பளக்காரர்களும் இவர்களில் அடக்கம்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சிறுசேரிக்கு ஒருவர் பைக்கில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். போக வர 60 கிலோமீட்டர், மாதம் 22 வேலை நாள் என்றால் 1,320 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 44 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 30 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தால் அவருக்கு மாதம் 60 ரூபாய் மிச்சம். பத்து ரூபாய் ஏறினால் மாதம் 300 ரூபாய் கூடுதல் செலவு. ஐம்பதாயிரம் சம்பளம் வாங்குபவருக்கு இது பெரிதாகத் தெரியாது. பன்னிரண்டாயிரம் வாங்குபவருக்கு 300 ரூபாய் என்பது ஒரு நாள் கூலியில் பாதிக்கும் மேற்பட்ட தொகை. டீசல் விலையால் ஏறும் காய்கறி விலையும் ஷேர் ஆட்டோ கட்டணமும் இக்கணக்கில் சேரவில்லை.

அரசே விலை வைத்த காலம்

பெட்ரோலிய விலையை ஒன்றிய அரசே நிர்ணயித்த முறை 2002 மார்ச்சு வரை சட்டப்படி நடைமுறையில் இருந்தது. அதன் பிறகும் நடைமுறையில் அரசின் ஒப்புதல் இன்றி விலை மாறவில்லை. அக்காலத்தில் விலை ஏற்றம் என்பது நேரடி அரசியல் முடிவாகவே பார்க்கப்பட்டது. 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து அடல் பிகாரி வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் சென்றது அந்தக் காலத்தின் நினைவில் நிற்கும் காட்சி.

அரசு விலை வைக்கும் முறைக்கு 2009 மக்களவைத் தேர்தல் நல்ல எடுத்துக்காட்டு. 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், உலக நிதி நெருக்கடியால் அவ்வாண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே வந்தது. மன்மோகன் சிங் அரசு 2008 டிசம்பரில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 2 ரூபாயும் குறைத்தது. 2009 ஜனவரி இறுதியில் மீண்டும் அதே அளவு குறைத்ததோடு, சமையல் எரிவாயு உருளைக்கு 25 ரூபாயும் குறைத்தது. ஏப்ரல், மே மாதங்களில் தேர்தல் நடந்தது. வெற்றி பெற்ற அதே அரசு ஜூலை தொடக்கத்தில் பெட்ரோலை 4 ரூபாயும் டீசலை 2 ரூபாயும் உயர்த்தியது.

தேர்தலுக்காகக் குறைத்தனர் என்று இதை ஒருவர் சொல்லலாம். உலக விலை விழுந்ததால் குறைத்தனர், அது மீண்டும் ஏறியதால் உயர்த்தினர் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுக்கும் இடம் உண்டு. விலைக் குறைப்பை மட்டும் வைத்துக்கொண்டு அரசியலை நிறுவ முடியாது என்பதற்கு இது சான்று.

2011: தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவுக்கு மறுநாள்

2010 ஜூன் இறுதியில் பெட்ரோல் விலை அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. இனி நிறுவனங்களே சந்தை நிலவரப்படி விலையை முடிவு செய்யும் என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் சில முறை விலை மாறியது. 2011 ஜனவரி நடுவில் இரண்டரை ரூபாய் ஏறியது. பிறகு நான்கு மாதம் ஏறவில்லை. அந்த மாதங்களில் கச்சா எண்ணெய் விலை, அரபு நாடுகளின் கிளர்ச்சிகளாலும் லிபியப் போராலும் வேகமாக உயர்ந்துகொண்டிருந்தது.

தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம், அசாம் ஆகியவற்றின் சட்டமன்றத் தேர்தல்கள் ஏப்ரல், மே மாதங்களில் நடந்தன. மே 13 அன்று முடிவுகள் வந்தன. மே 14 இரவு பெட்ரோல் விலை ஒரே நேரத்தில் 5 ரூபாய் உயர்த்தப்பட்டது. விலை சந்தையிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் தேர்தல் முடியும் வரை காத்திருந்து உயர்த்தப்பட்டது என்ற குற்றச்சாட்டு வலுவாக எழுந்தது இங்கிருந்துதான். அப்போது ஒன்றியத்தில் இருந்தது காங்கிரசு தலைமையிலான ஆட்சி. இந்தப் பழக்கம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் இது காட்டுகிறது.

தினசரி விலையும் நின்றுபோன நாட்களும்

டீசல் விலை 2014 அக்டோபரில் விடுவிக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் விலை ஒவ்வொரு நாள் காலை 6 மணிக்கும் மாறும் முறை வந்தது. அதற்கு முன் மாதத்துக்கு இருமுறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் மாறி வந்தது. தினமும் சில காசுகள் ஏறி இறங்கினால் திடீர் உயர்வு இருக்காது, அரசியலும் விலகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் தினசரி முறை வந்த பிறகுதான் தேர்தலின் தடம் தேதிவாரியாகப் பதிவாகத் தொடங்கியது. தினமும் மாற வேண்டிய ஒன்று மாறாமல் நின்றால் அது எளிதில் தெரிந்துவிடும்.

கருநாடகம், 2018: சட்டமன்றத் தேர்தல் மே 12 அன்று நடந்தது. ஏப்ரல் 24 முதல் மே 13 வரை 19 நாட்கள் விலை நிறுத்தி வைக்கப்பட்டது. உலக விலை அந்நாட்களில் ஏறியது. மே 14 முதல் தினசரி உயர்வு தொடங்கியது. டெல்லியில் 74.63 ரூபாயாக நின்ற பெட்ரோல் மே 29 அன்று 78.43 ஆனது.

தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து சட்டமன்றங்கள், 2021: தேர்தல் தேதிகள் பிப்ரவரி 26 அன்று அறிவிக்கப்பட்டன. பிப்ரவரி 27 அன்று ஏறிய விலை அதன்பின் மார்ச்சு 23 வரை நின்றது. சென்னையில் அப்போது பெட்ரோல் 93.11 ரூபாய். மார்ச்சு இறுதியிலும் ஏப்ரல் நடுவிலும் நான்கு முறை சில காசுகள் குறைந்தன. ஏப்ரல் 6 அன்று தமிழ்நாடு வாக்களித்தது. மே 2 அன்று முடிவு. மே 4 முதல் விலை ஏறத் தொடங்கி, ஜூலை 2 அன்று சென்னையில் முதன்முறையாக நூறு ரூபாயைத் தாண்டியது.

உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்கள், 2022: 2021 நவம்பர் 4 தீபாவளியன்று கலால் வரி பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைக்கப்பட்டது. சென்னையில் 106.66 ரூபாயாக இருந்த பெட்ரோல் 101.40 ஆனது. அதற்கு இரண்டு நாள் முன்பு வந்த இடைத்தேர்தல் முடிவுகளில் இமாச்சலப் பிரதேசத்தில் பாரதிய ஜனதா கட்சி போட்டியிட்ட எல்லா இடங்களிலும் தோற்றிருந்தது. குறைக்கப்பட்ட விலை 137 நாட்கள் அப்படியே நின்றது. இதற்கிடையில் உக்ரைன் போர் தொடங்கி, கச்சா எண்ணெய் ஏறத்தாழ 82 டாலரிலிருந்து 110 டாலருக்கு மேல் போனது. மார்ச்சு 10 அன்று தேர்தல் முடிவுகள் வந்தன. மார்ச்சு 22 முதல் ஏப்ரல் 6 வரை 16 நாட்களில் 14 முறை விலை ஏறியது. சென்னையில் பெட்ரோல் 110.85 ரூபாயைத் தொட்டது. மேலே பார்த்த தாம்பரம்–சிறுசேரி கணக்குப்படி, இரண்டு வாரத்தில் மாதச் செலவு 283 ரூபாய் கூடியது.

விலை நிறுத்தங்கள் தற்செயலாக அமைந்தவை என்று கொள்வது கடினம். ஒரு முறை எனில் தற்செயல் எனலாம். உலக விலை ஏறும்போது நிற்பதும், வாக்குப்பதிவோ முடிவோ வந்த சில நாட்களில் நகர்வதும் திரும்பத் திரும்ப நடந்துள்ளன.

குறைப்பு அறிவிப்புகளின் தேதிகள்

தேர்தல் ஆணையம் தேதியை அறிவித்ததும் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. அதன்பின் வாக்காளர்களைக் கவரும் புதிய சலுகைகளை அரசு அறிவிக்கக் கூடாது. எனவே குறைப்பு வர வேண்டுமானால் அதற்கு முன்பே வர வேண்டும். 2018 அக்டோபர் 4 அன்று கலால் வரி 1.50 ரூபாய் குறைக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனங்கள் மேலும் ஒரு ரூபாயை ஏற்க வேண்டும் என்று நிதி அமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்தார். அக்டோபர் 6 அன்று மத்தியப் பிரதேசம், இராசத்தான் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் தேதிகள் வெளியாயின. விலையை நிறுவனங்களே முடிவு செய்கின்றன என்று சொல்லப்பட்ட காலத்தில், அவை எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை நிதி அமைச்சர் அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

2024 மக்களவைத் தேர்தலிலும் இதே வரிசை காணப்படுகிறது. 2022 மே மாத வரிக் குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் 102.63 ரூபாய், டீசல் 94.24 ரூபாய் என்று ஏறத்தாழ 22 மாதங்கள் நின்றன. 2024 மார்ச்சு 14 அன்று லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைப்பு அறிவிக்கப்பட்டது. மார்ச்சு 15 காலை முதல் சென்னையில் பெட்ரோல் 100.75, டீசல் 92.34 ஆனது. மார்ச்சு 16 அன்று தேர்தல் தேதிகள் வெளியாயின.

சமையல் எரிவாயு

வீட்டுக்கான 14.2 கிலோ உருளையும் கடைகளுக்கான 19 கிலோ உருளையும் ஒரே எரிவாயுதான். ஆனால் விலை மாறும் விதம் வேறு. கடை உருளையின் விலை பெரும்பாலும் ஒவ்வொரு மாதம் முதல் தேதியும் உலகச் சந்தையை ஒட்டி மாறுகிறது. வீட்டு உருளையின் விலை மாதக்கணக்கில் மாறாமல் இருந்து, பிறகு ஒரே அடியாக மாறுகிறது.

2023 ஆகஸ்டு 29 அன்று வீட்டு உருளைக்கு 200 ரூபாய் குறைப்பு அறிவிக்கப்பட்டது. சென்னையில் 1,118.50 ரூபாயாக இருந்த உருளை 918.50 ஆனது. நவம்பரில் ஐந்து மாநிலத் தேர்தல்கள் வரவிருந்தன. 2024 மார்ச்சு 8, மகளிர் நாளன்று மேலும் 100 ரூபாய் குறைக்கப்பட்டு 818.50 ஆனது. அடுத்த மாதம் மக்களவைத் தேர்தல் தொடங்கியது. தேர்தல் முடிந்து ஏறத்தாழ பத்து மாதங்களுக்குப் பின், 2025 ஏப்ரல் 8 அன்று 50 ரூபாய் உயர்த்தப்பட்டு 868.50 ஆனது.

இதே காலத்தில் 2023 அக்டோபர் 1 அன்று டெல்லியில் கடை உருளை 209 ரூபாய் ஏறியது. வீட்டு உருளை அசையவில்லை. டீக்கடைக்கும் உணவகத்துக்கும் போகும் எரிவாயு சந்தையைப் பின்பற்றுகிறது. வாக்காளரின் அடுப்படிக்குப் போகும் எரிவாயு அரசின் முடிவைப் பின்பற்றுகிறது. இவ்விரண்டு உருளைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே சந்தையையும் அரசியலையும் பிரித்தறிய எளிய வழி.

மாநில அரசின் பங்கு

விலை அரசியல் ஒன்றிய அரசோடு முடிவதில்லை. 2021 தேர்தல் அறிக்கையில் திராவிட முன்னேற்றக் கழகம் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாகவும், எரிவாயு உருளைக்கு 100 ரூபாய் மானியம் தருவதாகவும் வாக்களித்தது. ஆட்சிக்கு வந்தபின் 2021 ஆகஸ்டு 13 அன்று நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த திருத்திய நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று கூறப்பட்டது. சென்னையில் 102.49 ரூபாயிலிருந்து 99.47 ஆகப் பெட்ரோல் விலை இறங்கியது. டீசல் குறைப்பும் எரிவாயு மானியமும் 2025 ஏப்ரல் வரை நடைமுறைக்கு வரவில்லை.

இக்குறைப்பு தேர்தலுக்குப் பின் வந்தது என்பது இதன் தனித்தன்மை. ஆனால் வாக்குறுதி தேர்தலுக்கு முன் தரப்பட்டது. விலை குறைக்கப்படும் என்ற சொல்லும் குறைக்கப்பட்ட விலையைப் போலவே தேர்தலில் பயன்படுகிறது.

வரிப் பங்கீட்டுச் சிக்கலும் இதில் உண்டு. ஒன்றிய அரசின் கலால் வரியில் அடிப்படை வரி எனப்படும் பகுதி மட்டுமே மாநிலங்களுடன் பகிரப்படுகிறது. பெட்ரோலில் இது லிட்டருக்கு 1.40 ரூபாய், டீசலில் 1.80 ரூபாய். மற்றவை சிறப்பு வரி, செஸ் என்ற பெயரில் ஒன்றிய அரசிடமே தங்குகின்றன. ஒன்றிய அரசு குறைக்கும்போதெல்லாம் மாநிலமும் குறைக்க வேண்டும் என்று கேட்கப்படுவதும், ஏற்றியவர்களே முதலில் முழுமையாகக் குறைக்கட்டும் என்று மாநிலங்கள் பதில் சொல்வதும் இதனால்தான்.

நிறுத்தி வைத்த விலையை யார் கட்டுவது

விலை நிறுத்தப்படும் நாட்களில் செலவு மறைந்துவிடுவதில்லை. அது வேறு ஒருவர் கணக்கில் ஏறுகிறது. 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 18,480 கோடி ரூபாய் இழப்பைப் பதிவு செய்தன. எரிவாயு விற்பனை இழப்புக்காக 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு 22,000 கோடி ரூபாய் வழங்கியது. அது வரி கட்டுபவர்களின் பணம்.

தனியார் பங்க்குகளும் பாதிக்கப்பட்டன. பொதுத்துறை நிறுவனங்கள் குறைந்த விலையில் விற்கும்போது போட்டியிட முடியாமல் அவை விற்பனையைக் குறைத்தன. மொத்தமாக வாங்குவோருக்கான டீசல் 2022 மார்ச்சில் லிட்டருக்கு ஏறத்தாழ 25 ரூபாய் ஏறியதும், பேருந்து நடத்துவோரும் ஆலைகளும் சாதாரண பங்க்குகளில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஜூனில் பல மாநிலங்களில் பங்க்குகள் இருப்பின்றித் தவித்தன.

நிறுத்தம் மறுபக்கமும் வேலை செய்கிறது. உலக விலை இறங்கிய பின்னும் பங்க் விலை இறங்காமல் நின்றதால், 2023–24 நிதியாண்டில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் லாபம் ஈட்டின. 2024 செப்டம்பரில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் 75 டாலருக்கும் கீழே வந்தபோது பங்க் விலை மாறவில்லை. 2025 ஏப்ரலில் உலக விலை மேலும் சரிந்தபோது கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தப்பட்டது. பங்க் விலை ஏறவில்லை. ஆனால் இறங்க வேண்டிய இரண்டு ரூபாய் அரசுக் கருவூலத்துக்குப் போனது.

இதன் பெரிய வடிவம் 2014 முதல் 2016 வரை நிகழ்ந்தது. கச்சா எண்ணெய் ஏறத்தாழ 115 டாலரிலிருந்து 30 டாலருக்கும் கீழே விழுந்த அக்காலத்தில் கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. பெட்ரோலுக்கு மட்டும் மொத்த உயர்வு 11.77 ரூபாய். 2014–15இல் ஏறத்தாழ 99,000 கோடி ரூபாயாக இருந்த கலால் வருவாய் 2016–17இல் 2.42 லட்சம் கோடியானது. 2020 மே மாதத்தில், கொரோனா முடக்கத்தால் உலக விலை தரைமட்டத்தில் இருந்தபோது, ஒரே நாளில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றப்பட்டன. பின்னர் 2021, 2022 ஆண்டுகளில் குறைக்கப்பட்ட 13 ரூபாய் பெட்ரோல் வரி, 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் ஏற்றப்பட்ட 13 ரூபாய்க்குச் சமம். தேர்தல் காலச் சலுகையாகத் தெரிவது பெரும்பாலும் முன்பே வசூலித்ததைத் திருப்பித் தருவதே.

மாற்று விளக்கங்கள்

அரசுத் தரப்பிலும் நிறுவனங்கள் தரப்பிலும் சொல்லப்படும் விளக்கங்களைப் புறக்கணிக்க முடியாது. 2018 மே மாதத்தில் இந்தியன் ஆயில் தலைவர் சஞ்சீவ் சிங், திடீர் உயர்வால் மக்கள் பதற்றமடையாமல் இருக்கவே விலையைத் தற்காலிகமாக மட்டுப்படுத்தியதாக விளக்கினார். பெட்ரோலிய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் ஹர்தீப் சிங் பூரியும் விலை முடிவில் அரசுக்குப் பங்கில்லை என்று கூறி வந்தனர்.

2022 ஏப்ரலுக்குப் பிந்தைய நீண்ட நிறுத்தத்துக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்துகிறது. போரினால் உலக விலை தாறுமாறாக ஆடியபோது இந்தியப் பயனாளர் அந்த ஆட்டத்திலிருந்து காக்கப்பட்டார். 2022 மே மாத வரிக் குறைப்பால் ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். அப்போது உடனடியான பெரிய தேர்தல் எதுவும் இல்லை. பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போனதே முதன்மைக் காரணமாக இருந்தது. இந்தியாவில் ஏதாவது ஒரு மாநிலத்தில் தேர்தல் நடந்துகொண்டே இருப்பதால், எந்த விலைக் குறைப்பையும் ஏதோ ஒரு தேர்தலோடு முடிச்சுப் போட முடியும் என்ற எச்சரிக்கையும் தேவை.

விலைக் குறைப்பு வாக்காகிறதா

விலையைக் குறைத்தவர்கள் எல்லோரும் வென்றதில்லை. 2015 பிப்ரவரி தொடக்கத்தில் டெல்லி சட்டமன்றத் தேர்தல் பரப்புரையில் பிரதமர் நரேந்திர மோதி, தம் ஆட்சியில் பெட்ரோல், டீசல் விலை குறைந்ததைச் சுட்டி, அது தம் நல்லூழ் என்றால் அப்படியே இருக்கட்டும் என்ற பொருளில் பேசினார். பிப்ரவரி 7 அன்று நடந்த வாக்குப்பதிவில் 70 இடங்களில் அவரது கட்சி 3 இடங்களையே பெற்றது. 2021இல் தமிழ்நாட்டில் விலை நிறுத்தப்பட்டும் அதிமுக, பாரதிய ஜனதா கூட்டணி தோற்றது.

அமெரிக்காவிலும் இதே விவாதம் உண்டு. 2006 ஆகஸ்டில் கேலனுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த பெட்ரோல், நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் வேகமாக இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், தேர்தலுக்காகப் புஷ் அரசு விலையை வேண்டுமென்றே குறைக்கிறது என்று 42 விழுக்காட்டினர் கூறினர். அங்கே பங்க்குகள் தனியாருடையவை, விலையை வைக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை. உலக விலை இறங்கியதே அவ்வீழ்ச்சிக்குப் போதுமான காரணம். விலை இறங்கியும் புஷ்ஷின் குடியரசுக் கட்சி இரு அவைகளையும் இழந்தது. ஒரே ஐயம் இரு நாடுகளிலும் எழுந்தாலும், பங்க்குகள் யாருடையவை என்பதைப் பொறுத்து அதன் வலு மாறுகிறது.

தேர்தலுக்கு முன் மக்களுக்கு இதமாகவும் பின் கசப்பாகவும் அரசுகள் பொருளாதாரத்தை நடத்துவதை அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நார்தவுசு 1975இல் கோட்பாடாக விளக்கினார். மக்களுக்கு அண்மை நிகழ்வுகளே அதிகம் நினைவில் நிற்கும் என்பது அக்கோட்பாட்டின் அடிப்படை. பத்து ரூபாய் ஏறியது மறந்து, கடைசியாகக் குறைந்த இரண்டு ரூபாய் நினைவில் இருந்தால் அச்சுழற்சி வெற்றி பெறுகிறது.

விலைக் குறைப்பை எடைபோடும் முறை

ஒரு விலைக் குறைப்பில் அரசியல் உண்டா என்பதை நான்கு கேள்விகளால் சோதிக்கலாம்.

1. கடந்த மூன்று மாதத்தில் கச்சா எண்ணெய் விலை எவ்வளவு மாறியது? அதே அளவு பங்க் விலை மாறியதா?

2. குறைந்தது வரியா, நிறுவனத்தின் லாபமா? வரி எனில், அது முன்பு எப்போது, எவ்வளவு ஏற்றப்பட்டது?

3. குறைப்புக்கு முன் விலை எத்தனை நாள் அசையாமல் இருந்தது? அந்நாட்களில் உலக விலை எந்தப் பக்கம் நகர்ந்தது?

4. வீட்டு எரிவாயு உருளை குறைந்த மாதத்தில் கடை உருளையின் விலை என்னவாயிற்று?

இவற்றுக்கான எண்கள் எல்லாம் பொதுவெளியில் உள்ளன. ஒன்றிய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு, கச்சா எண்ணெய் விலையையும் வரி விவரங்களையும் நகரவாரியான சில்லறை விலையையும் வெளியிடுகிறது. இலங்கையில் 2022க்குப் பின் நடப்பது போல விலை மாறும் நாள் முன்கூட்டியே தெரிந்து, கணக்கிடும் சூத்திரமும் வெளிப்படையாக இருந்தால் இச்சோதனைக்கே தேவை குறையும். இந்தியாவில் தினசரி விலை முறை இன்றும் நீக்கப்படவில்லை. காலை 6 மணிக்கு விலை அறிவிக்கும் நடைமுறையும் தொடர்கிறது. ஆனால் 2022 ஏப்ரல் 7 முதல் 2025 ஏப்ரல் வரையிலான மூன்று ஆண்டுகளில், நாடு முழுவதும் விலை குறிப்பிடத்தக்க அளவு மாறியது 2022 மே, 2024 மார்ச்சு ஆகிய இரண்டு முறை மட்டுமே.